துரை வீட்டுப் பெட்டிகள்

அத்தியாயம் 11

ஐந்தரைக்கு எழுந்தேன். குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இரண்டு குடம் பிடித்தேன். பால்காரர் ஊற்றிய பாலைக் காய்ச்சினேன். காப்பி போட்டேன். குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். சவரம் செய்தேன். முகவாயில் ஓரிடத்தில் கீறியது. படிகாரம் தேய்த்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். போட்டு முடித்த பிறகுதான் அன்று ஞாயிற்றுக்கிழமை, நான் வேலை பார்க்கும் கல்லூரி கிடையாது என்பது நினைவுக்கு வந்தது. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

எட்டு மாதமாக என் காலைகள் இப்படித்தான். ரங்கநாயகி போன ஐப்பசியில் ஆஸ்பத்திரியில் இறந்தாள். இருதய வால்வு. இருபத்து மூன்று வயது. கல்யாணமாகி இரண்டரை வருடம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இலை எடுப்பதற்குள் என் மாமனார் நரசிம்மலு ஒரு சேதி சொன்னார். மகள் சாகும் முன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கோமளாவை அவருக்கே கட்டிக் குடுத்துருங்க நைனா" என்று கேட்டாளாம். அதுதான் அவள் கடைசிப் பேச்சாம். சேதி ஈரோடு, தாராபுரம் வரைக்கும் போயிற்று. போன இடமெல்லாம் வளர்ந்தது. கார்த்திகையில் அவள் வெறுமனே கையைப் பிடித்தாள். மாசியில் கண்ணீர் விட்டாள். சித்திரைக்குள் சத்தியமே வாங்கியிருந்தாள்.

நான் மறுக்கவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை. பேசாத மாப்பிள்ளையை எங்கள் ஆட்கள் சம்மதித்த மாப்பிள்ளை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

கோமளா, ரங்கநாயகியின் தங்கை. பதினெட்டு வயது. மதராஸில் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்து அவளுக்குக் கடிதம் வந்ததையும், மாமனார் அதைப் படித்துவிட்டு முறுக்குத் தட்டுக்கு அடியில் வைத்ததையும் போன வாரம் சொன்னேன். வருகிற புதன்கிழமைக்குள் நேரில் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு.

எட்டு மணிக்கு மாமனாரின் பம்பு பவுண்டரி வேன் வந்து நின்றது. அங்கே பிட்டர் வேலை பார்க்கும் ஐயாசாமி இறங்கினார்.

"ஏனுங்க தம்பி, மொதலாளி உங்களக் கையோட கூட்டியாரச் சொன்னாருங்க. பாட்டுப் பொட்டி ரெண்டுல ஒண்ணு சரியாப் பேச மாட்டேங்குதுங்க."

"ஞாயித்துக்கிழமை அதுக்கு என்ன அவசரம்?"

ஐயாசாமி வேன் சக்கரத்தைப் பார்த்தார். "தாராபுரத்துப் பெரியவரு நாலு மணிக்கு வாராருங்களாமா. உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

தாராபுரத்துப் பெரியவர் என் பெரியப்பா அரங்கசாமி. அப்பா இல்லாத எனக்காகத் தாம்பூலம் மாற்ற உரிமை உள்ள ஒரே ஆள். ஆடி பிறக்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது. ஆக, என் நிச்சயதார்த்தம் அன்று மாலை நான்கு மணிக்கு. அதை எனக்குத் தெரிவித்தவர் பிட்டர் ஐயாசாமி.

திருப்புளி, பிரஷ், சால்டரிங் இரும்பு, டார்ச் எல்லாவற்றையும் பையில் போட்டேன். போகாமல் இருந்திருக்கலாம். எட்டு மாதமாக யார் கூப்பிட்டாலும் போய்க்கொண்டிருந்தேன். போவதற்கு யோசிக்க வேண்டியதில்லை.

பீளமேட்டில் மாமாவின் வீடு பவுண்டரிக்குப் பக்கத்துக் காம்பவுண்டு. ஹாலில் புது ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். இரு மூலைகளிலும் இரண்டு பெட்டிகள், இடுப்பு உயரம். இரண்டிலும் பித்தளைத் தகடு. 'ஆல்டன்ஹாம், லண்டன்.'

அந்தப் பெட்டிகளின் கதை இது. மூன்று வருடத்துக்கு முன் வால்பாறை எஸ்டேட் துரை ஒருவர் ஊருக்குக் கிளம்பினார். பங்களாச் சாமான்கள் ஏலம் போயின. மாமா ஒரு ஸ்பீக்கர் பெட்டியை எடுத்து வந்தார். துரையிடம் இருந்ததே ஒன்றுதான். ஒற்றைப் பெட்டி வீட்டுக்கு ஆகாது என்று மாமியார் வெங்கடம்மாள் அத்தை சொன்னார். வாழைப்பழமா, இன்னொன்று பிய்த்து வைக்க? மாமா டவுனில் ஒரு பழைய சாமான் கடைக்காரனிடம் சொல்லிவைத்தார். இரண்டே மாதத்தில் அவன் ஜோடியைக் கொண்டுவந்தான். அதே துரை, அதே பங்களா, குதிரை லாயத்தில் கிடந்தது என்றான். பம்பு செய்து விற்று இந்த ஜில்லாவையே தண்ணீரில் மூழ்கடித்த மனிதர் அதை நம்பினார்.

"வாங்க மாப்பிள்ளை" என்றார் மாமா. வெள்ளைச் சட்டை, பட்டுக்கரை வேட்டி. அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. பவுண்டரிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை, படுக்கையறையிலும் அப்படித்தான். "ஏலத்துல என் தலையில டூப்ளிகேட்டக் கட்டிப்போட்டானுங்க. வால்பாறைப் பொட்டி கீச்சு கீச்சுங்குது. கடையில வாங்குன பொட்டியப் பாருங்க, கணீர்னு பேசுது! அசலுன்னா அது."

"பாத்துட்டுச் சொல்றேனுங்க மாமா."

முதலில் கடைப் பெட்டியைத் திருப்பினேன். துரை வீட்டுச் சாமானை முன்பக்கம் பார்த்து எடை போடுகிறவன் ஏமாறுவான். முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் செய்யலாம். எவனும் பின்பக்கத்துக்கு மெனக்கெட மாட்டான்.

தகட்டைச் செருப்புக்கு அடிக்கிற ஆணியால் அறைந்திருந்தான். பலகை தேக்கு. மேலே வால்நட் நிறத்தில் சாயம். நகத்தால் சுரண்டினால் விரலில் ஒட்டியது. பின்கதவைக் கழற்றினேன். சத்தம் உள்ளே எதிரொலிக்காமல் இருக்க இங்கிலீஷ்காரன் ஆட்டு ரோமத்தில் செய்த கம்பளியை ஒட்டியிருப்பான். இங்கே மில் கழிவுப் பஞ்சை அடைத்திருந்தார்கள். அதற்குள் கையை விட்டுத் துழாவி மூன்று பருத்திக் கொட்டைகளை எடுத்து மாமாவின் உள்ளங்கையில் வைத்தேன்.

"லண்டன்ல பருத்தி விளையுதுங்களா மாமா?"

அவர் கொட்டையைப் பார்த்தார். "கப்பல்ல வரும்போது ஒட்டியிருக்கும்."

பஞ்சுக்கு அப்பால் ஒரு சாதாரண ரேடியோவின் எட்டு அங்குல ஸ்பீக்கர். பன்னிரண்டு அங்குல ஓட்டைக்குத் தகர வளையம் வைத்து அதைப் பொருத்தியிருந்தான். முழு மோசடிக்கு உழைப்பு வேண்டும். இவன் பாதிதான் உழைத்திருந்தான். இந்த வீட்டுக்கு அது போதும் என்று தெரிந்து வைத்திருந்தான்.

வால்பாறைப் பெட்டி வேறு ஜாதி. திருகுகளின் தலை ஒன்றுகூடச் சிதையவில்லை. உள்பலகையில் பென்சிலால் ஒரு எண், அதைப் போட்டவரின் கையெழுத்து. பன்னிரண்டு அங்குலக் காகிதக் கூம்பு. அதன் விளிம்பில் ஊதா மையில் முத்திரை: மார்ச் 1951. சந்தேகத்துக்கு இடமில்லை.

கூம்பின் நடுவில் சந்தனம். அதன் மேல் குங்குமம். காய்ந்த செவ்வந்தி இதழ் ஒன்றும் ஒட்டியிருந்தது.

"இதுல பொட்டு வெச்சது யாருங்க?"

"ஆயுத பூசைக்கு வெக்காம இருப்பாங்களா மாப்பிள்ளை?" என்றார் அத்தை. "லேத்துக்கு வெச்சோம், காருக்கு வெச்சோம். இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? ஈரத்துணியில நல்லாத் தொடச்சுப் போட்டுத்தான் வெச்சோம்."

"இது காகிதங்க அத்தை."

"சாமி படமுங் காயிதந்தான்."

கூம்பை விரல் நுனிகளால் சமமாக அழுத்திப் பார்த்தேன். உள்ளே மணலைப் போட்டு அரைப்பதுபோல் கரகரத்தது. காந்தத்துக்கும் கம்பிச் சுருளுக்கும் இடையில் தலைமுடி நுழைகிற சந்து. அதில் ஏதோ போயிருந்தது. டார்ச் அடித்தேன். இரும்புப் பொடி. காந்தத்தின் முதுகில் இருந்த நான்கு போல்டுகளிலும் ஸ்பேனர் தடம்.

"இதை யாரு திறந்தா?"

ஐயாசாமி வாசல் பக்கம் நகர்ந்தார். "ஆயுத பூசை முடிஞ்ச கையோட மொதலாளிதானுங்க, உள்ள என்னதான் இருக்குதுன்னு பாக்கலாம்னாரு. காந்தம் அருமையா இருந்துச்சுங்க தம்பி. லேத்துக்குக் கீழ இரும்புத் தூளு கெடக்குமில்லீங்க, அத அள்ளறதுக்கு ஒரு பத்து நாளு..."

"பத்து நாளா?"

"பொங்கலுக்குத் திருப்பி மாட்டிப்போட்டனுங்க."

ஆயுத பூஜையிலிருந்து பொங்கல் வரை மூன்று மாதம். பத்து வருடம் ஒரு துரையின் வரவேற்பறையில் பாடிய காந்தம் மூன்று மாதம் தரை கூட்டியது.

"இந்தக் காந்தத்தை அதோட இரும்புக் கூட்டிலிருந்து உருவினா பாதி பலம் போயிருமுங்க மாமா. திரும்ப மாட்டினாலும் வராது. அதனாலதான் இதுல சத்தம் கம்மி. அசல் இதுதான். கெடுத்தது நாம."

"காந்தம் என்ன கற்பூரமா, கரைஞ்சு போக? நான் இதுவரைக்கும் ஆயிரம் மோட்டார் பண்ணியிருக்கறேன் மாப்பிள்ளை."

"மோட்டார்ல இருக்கறது வேறங்க."

"எதுல சத்தம் ஜாஸ்தியோ அதான் அசலு. சின்னக் கொழந்தைக்குத் தெரியும். நாலு மணிக்குள்ள ரெண்டும் ஒரே மாதிரிப் பேசோணும். பெரியவரு முன்னாடி மானத்த வாங்கிப்போடாதீங்க."

அவர் சமையல்காரரை அதட்டப் போனார். அதட்டல் ஹால் வரைக்கும் கேட்டது.

ஸ்பீக்கரைக் கழற்றி ஜமுக்காளத்தில் கவிழ்த்தேன். சந்தனத்தை உலர்ந்த பிரஷால் துகள் துகளாக எடுத்தேன். அவசரப்பட்டால் காகிதமும் சேர்ந்து வரும். இரும்புப் பொடியை ஊதி எடுக்க முடியாது. காந்தம் விடாது. ஒட்டும் பிளாஸ்திரியை மெல்லிய அட்டையில் சுற்றிச் சந்துக்குள் விட்டு விட்டு எடுக்க வேண்டும். பிளாஸ்திரி கேட்டேன். கோமளா கொண்டுவந்தாள். காலையிலேயே பட்டுப்புடவையைச் சுற்றிவிட்டிருந்தார்கள். டார்ச்சை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நிச்சயத்தன்னைக்குப் பொண்ணு மாப்பிள்ளைக்கு டார்ச் புடிக்கறது நம்ம வீட்லதானுங்க பாவா நடக்கும்" என்றாள். எங்களில் அக்கா புருஷன் பாவா.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"காலையில இந்தப் பொடவை வந்தப்போ. உங்களுக்கு?"

"வேன் வந்தப்போ."

"ரெண்டு பேருக்கும் சாமானத்தான் தூது அனுப்பியிருக்காங்க." சந்துக்குள் எட்டிப் பார்த்தாள். "இதுக்குத் தவளை அறுக்கறது சுளுவுங்க பாவா. தவளைக்குள்ள எது எங்க இருக்கோணுமோ அங்க இருக்கும். நைனா தொறந்து பாத்திருக்க மாட்டாரு."

முதல் பட்டையை எடுத்தேன். பிளாஸ்திரி முழுக்கக் கறுப்புப் பொடி. இன்னொன்று விட்டேன்.

"முடியாதுன்னு உங்க நைனாகிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"நைனா கேட்டிருந்தா எப்பவோ முடியாதுன்னு சொல்லிப்போட்டிருப்பேன். ரெண்டு அறை அறைவாரு, அவ்வளவுதான. கேட்டது அக்காவாச்சே." டார்ச்சை மறு கைக்கு மாற்றினாள். "செத்துப்போனவகிட்ட எப்படிங்க முடியாதுங்கறது? எந்த அட்ரஸுக்கு எழுதறது?"

நான் வேலையைப் பார்த்தேன்.

"ஏனுங்க பாவா, அந்த ரூம்ல நீங்கதான இருந்தீங்க. அக்கா அப்படிக் கேட்டாளா இல்லையா? அது மட்டும் சொல்லுங்க. கேட்டான்னா மதராஸ் லெட்டர இப்பவே கிழிச்சுப் போடறேன். அழுகமாட்டேன். கேக்கலைன்னா புதன்கிழமை நான் அங்க இருப்பேன்."

"டார்ச்சைக் கொஞ்சம் கீழே பிடி" என்றேன்.

பிடித்தாள்.

ரங்கநாயகி கடைசியாக என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். அறையில் நான் ஒருவன்தான் இருந்தேன். அது, மகளைப் பறிகொடுத்த மனிதரிடம் சொல்லக்கூடிய பேச்சு அல்ல. அன்றே அப்படித் தீர்மானித்து வாயை மூடிக்கொண்டேன். எட்டு மாதமாக அதைப் பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். கோமளா டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்த விதத்தைப் பார்த்தபோது, அது வெறும் சோம்பேறித்தனமாகவும் இருக்கலாம் என்று பட்டது.

பன்னிரண்டு மணிக்குச் சந்து சுத்தமாயிற்று. அடுத்து, கம்பிச் சுருளைச் சரியாக நடுவில் நிறுத்த வேண்டும். சுருளைச் சுற்றி மெல்லிய, விறைப்பான நான்கு பட்டைகளைச் செருகி, திருகை இறுக்கிவிட்டுப் பட்டைகளை உருவிவிட வேண்டும். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இதற்கென்று பழைய எக்ஸ்ரே படத்தை நறுக்கி வைத்திருப்போம்.

"எக்ஸ்ரே பிலிம் ஏதாச்சும் இருந்தாக் குடுங்க அத்தை" என்றேன்.

பழக்கத்தில் வந்துவிட்டது. இந்த வீட்டில் எக்ஸ்ரே படம் இருந்தால் அது யாருடையதாக இருக்கும் என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது. அதற்குள் அத்தை அறைக்குப் போய், பீரோவைத் திறந்து, பழுப்பு உறை ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டார். கத்தரிக்கோலையும் சேர்த்து.

படத்தை வெளியே எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன். விலா எலும்புகள். நடுவில் இருதயம், இருக்க வேண்டிய அளவைவிடப் பெரிதாக. கீழ் ஓரத்தில் வெள்ளை எழுத்தில் பெயர்: என். ரங்கநாயகி. என் பெயரின் முதல் எழுத்து அல்ல, அவள் அப்பாவுடையது. பக்கத்தில் தேதி. 14-11-60.

எங்கள் கல்யாணம் அறுபத்தொன்று வைகாசியில்.

பெண் பார்க்கப் போன அன்று மாமா சொன்னது நினைவிருக்கிறது. "என் பொண்ணு ஒரு நாள் காய்ச்சல்னு படுத்ததில்லீங்க." அப்போதும் அதைக் கத்தித்தான் சொன்னார். காலையிலிருந்து நான் பெட்டிகளின் பின்பக்கத்தில் தேதி தேடிக்கொண்டிருந்தேன். தேடாத இடத்தில் ஒரு தேதி கிடைத்தது.

அத்தை என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டார். முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். மாமா சமையலறையிலிருந்து வந்தார்.

"என்ன மாப்பிள்ளை, அதையே பாத்துட்டு நிக்கறீங்க? மணியாகுது. வெட்டுங்க. இனி அது எதுக்கு ஆகுது?"

அவர் முகத்தில் எதுவும் இல்லை. ஒளிக்கிற முகம்கூட இல்லை. அந்தத் தேதிக்கு ஒரு அர்த்தம் உண்டு என்பதையே மறந்துவிட்டிருந்தார். பொய் சொல்கிறவர்களிடம் எனக்கு ஒருவகை மரியாதை உண்டு. குறைந்தபட்சம் உண்மை எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

"போஸ்ட் கார்டு இருந்தாக் குடுங்க" என்றேன்.

படத்தை உறைக்குள் வைத்தேன். கோமளா கையை நீட்டினாள். கொடுத்தேன். அவள் அதை வெளியே எடுத்து ஜன்னலுக்கு நேராக, என்னைவிட அதிக நேரம் பிடித்துப் பார்த்தாள். தேதியைப் படித்தாளா என்று தெரியவில்லை. ரங்கநாயகிக்கு இது தெரியுமா என்பது இன்னொரு கேள்வி. அன்று அதை நான் யாரிடமும் கேட்கவில்லை. கோமளா உறையைப் பீரோவில் திரும்ப வைக்கவில்லை. தன் அறைக்குக் கொண்டுபோனாள்.

போஸ்ட் கார்டை நான்கு பட்டையாக நறுக்கினேன். கொஞ்சம் கனம்தான், ஆனால் வேலை நடந்தது. கூம்பில் இரண்டு கிழிசல்களுக்கு டிஷ்யூ காகிதம் ஒட்டிக் காயவைத்தேன். மூன்று மணிக்கு ஸ்பீக்கரைப் பெட்டியில் மாட்டி, டார்ச் செல்லை அதன் கம்பிகளில் தொட்டேன். டப் என்று ஒரு சின்னச் சத்தம். கூம்பு முன்னால் நகர்ந்து நின்றது. உரசல் இல்லை. பலம் பாதிதான். அதற்குக் காந்தத்தைப் புதிதாக ஏற்ற வேண்டும். ஆனால் குரலில் பிசிறு இல்லை.

சாப்பிடச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். உடம்புக்கு ஆகாது என்றார் அத்தை. மாமாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

பெரியப்பா நான்கு மணிக்கு வாடகைக் காரில் வந்தார். அறுபத்தெட்டு வயது, புகையிலை வியாபாரம், தலையில் துண்டு. அமராவதிக் கரையில் இருபது ஏக்கரும் எல்லோரைப் பற்றியும் ஒரு அபிப்பிராயமும் உண்டு. வந்ததும் என்னைப் பார்த்து, "ஏண்டா, எளச்சுப் போயிட்டயே" என்றார். அத்துடன் அந்த விஷயம் முடிந்தது.

மாமா நாதஸ்வர ரெக்கார்டைப் போட்டார். ஆம்ப்ளிஃபயரின் குமிழைக் கடைசி வரை திருகினார். ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன.

"ரெண்டும் லண்டன் சரக்குங்க" என்று அதற்கு மேல் கத்தினார். "வால்பாறைத் தொரை வெச்சிருந்த ஜோடி."

பருத்திக் கொட்டைகள் ஜன்னல் திட்டில்தான் கிடந்தன.

பெரியப்பா எழுந்து ஒரு மூலைக்குப் போனார். பிறகு மற்ற மூலைக்கு. ஒவ்வொரு பெட்டி முன்னாலும் கொஞ்சம் குனிந்தார்.

"இதுல நாயனம் கேக்குது" என்று வால்பாறைப் பெட்டியைக் காட்டினார். "அதுல சத்தந்தான் கேக்குது. அதைக் கொஞ்சம் அமத்திப் போடுங்க நரசிம்மலு, காது வலிக்குது."

மாமா சிரித்தார். அமத்தவில்லை.

தட்டுகளை நடுவில் வைத்தார்கள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், அரக்குப் பட்டு. கோமளாவைக் கூட்டிவந்து உள்வாசல் நிலையில் நிறுத்தினார்கள். அவள் தரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

மாமா தட்டைத் தூக்கும் முன் தொண்டையைச் செருமினார். நாதஸ்வரத்தோடு போட்டி போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"இது நான் பண்ற கல்யாணம் இல்லீங்க. எம் மக பண்ற கல்யாணம். சாகறதுக்கு முன்னால எங் கையை ரெண்டு கையாலயும் புடிச்சுட்டு, 'நைனா, கோமளாவத் தவிர வேற ஒருத்தி கையில அவரு சோறு திங்கக் கூடாது'ன்னா."

சோறு புதிது. சித்திரையில் இல்லை.

"மாமா, ரெக்கார்டை நிறுத்துங்க" என்றேன்.

"மங்கள வாத்தியம் மாப்பிள்ளை. நடுவுல நிறுத்தக் கூடாது."

எழுந்து போய் ஊசியைத் தூக்கினேன். பவுண்டரிக்கும் ஞாயிற்றுக்கிழமை. அந்த வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

"ரங்கநாயகி உங்ககிட்ட எப்பப் பேசினா?"

"எப்பன்னா? அன்னைக்குச் சாயங்காலந்தான். ஆறு மணி இருக்கும். நீங்கதான கதவத் தொறந்து உட்டீங்க."

"ஆமாங்க. திறந்துட்டு என்ன சொன்னேன்?"

மாமா தட்டைப் பிடித்தபடி யோசித்தார். "தூங்கறா, எழுப்ப வேண்டாம்னீங்க."

"நீங்க கட்டில் பக்கத்துல அஞ்சு நிமிஷம் நின்னீங்க. நானும் நின்னேன். அவ கண்ணைத் திறக்கலை. நீங்க போனீங்க. ஆறரைக்கு நர்ஸ் வந்து பாத்தப்போ மூச்சு இல்லை. இதுல எப்பங்க உங்க கையைப் பிடிச்சா?"

"தூக்கத்துல முனகுனா" என்றார் உடனே. "உங்களுக்குக் கேட்டிருக்காது. பெத்தவனுக்குத்தான் கேக்கும்."

தயங்கவே இல்லை. அவர் கற்பனைக்குக் கரை இல்லை.

"அவ தூங்கலைங்க மாமா."

"தூங்கறான்னு நீங்கதான மாப்பிள்ளை சொன்னீங்க?" அத்தையின் குரல் முந்தானைக்குள்ளிருந்து வந்தது.

"நான்தான் சொன்னேன்."

கோமளா நிலையை விட்டு ஹாலுக்கு நடுவில் வந்தாள். புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்திருந்தாள்.

"அக்கா என்ன சொன்னா பாவா?"

"கோமளா, உள்ள போ" என்றார் மாமா. அவள் நகரவில்லை. பெரியப்பா தட்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "சொல்லுடா" என்றார்.

சொன்னேன். அன்று ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமா யாரையோ அதட்டிக்கொண்டு வந்தார். இருபது அறைகளுக்குக் கேட்டது. ரங்கநாயகி அதுவரை விழித்திருந்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். கண்ணை மூடினாள். பிறகு என்னிடம் சொன்னாள்:

"நைனா சத்தம் கேக்குது. உள்ள வந்தா, நான் தூங்கறேன்னு சொல்லிப்போடுங்க."